உங்கட தட்டு எங்கட வளவுக்குள்ள

தொலைந்த தட்டைத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் கண்டெடுத்தவரின் நேர்மையைத்தான் பேசுகிறார்கள். எறிந்தவரைப் பற்றி ஆரும் வாய் திறப்பதில்லை. பாடசாலைப் பிள்ளைகளோடு கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் டிஸ்க் கோல்ப் விளையாடத் தொடங்கிய பிறகு எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. இதில் பெரிய பங்கு எறிகிறவருக்குத்தான். திரும்பி வரக்கூடிய விதமாகத் தட்டை ஆயத்தப்படுத்தி வைக்க வேண்டியவர் அவர். அது போய் விழுந்த வளவுக்காரரின் படலையில் எப்படி நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டியவரும் அவர். வன்னியில் இதற்கு மேல் இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. அதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. தூரத்தில் நிற்கும் சங்கிலிக் கூடைக்குள் ஒரு பிளாஸ்டிக் தட்டை எத்தனை குறைந்த எறிகளில் போடுகிறீர்கள் என்பதுதான் கணக்கு. தட்டு 21 சென்ரிமீற்றர் அகலம், 150 முதல் 175 கிராம் வரை நிறை. விளையாட்டுப் போட்டியில் தட்டெறிதலுக்கு எடுக்கும் மரத்தட்டு இல்லை. கடற்கரையில் எறிந்து பிடிக்கிற பிரிஸ்பியும் இல்லை. விளிம்பு ஒடுங்கிக் கூராக இருக்கும், காற்றை வெட்டிக்கொண்டு வெகுதூரம் போகும், போகிற போக்கில் இடப்பக்கமோ வலப்பக்கமோ வளையும். அதனால்தான் தொலைகிறது.

அண்ணா கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். ஊருக்கு வந்தபோது ஒரு பை நிறையத் தட்டு கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். கூடையைக் கிளிநொச்சியில் ஒரு வெல்டிங் கடையில் செய்வித்தோம். ஒரு இரும்புக் குழாய், இரண்டு சைக்கிள் றிம், பழைய சங்கிலித் துண்டுகள். தட்டு சங்கிலியில் மோதி விழுகிற சத்தம் கேட்டால் ஒழுங்கையில் போகிறவர்கள்கூட நின்று பார்ப்பார்கள்.

எங்கள் மைதானத்தின் ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வயல், மற்ற இரண்டு பக்கமும் குடிமனை. எந்தப் பக்கம் எறிந்தாலும் தட்டு இன்னொருவரின் இடத்துக்குள் போக வழி இருக்கிறது.

உலக அளவில் இந்த விளையாட்டை நடத்தும் சங்கத்தின் சட்டப்படி, தட்டு கடைசியாகத் தெரிந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததில் இருந்து தேடுவதற்கு மூன்று நிமிடம்தான். அதற்குள் அகப்படாவிட்டால் தொலைந்தது என்று அறிவித்து, ஒரு எறி தண்டமாகச் சேர்த்துவிடுவார்கள். அந்தச் சட்டப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது இதைவிட வேறொன்று. கூட விளையாடுகிறவர்கள் ஒருவர் எறியும்போது மற்றவர்கள் தட்டு போகிற வழியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், தொலைந்தால் சேர்ந்து தேட வேண்டும். இது விரும்பினால் செய்கிற உதவி இல்லை, மரியாதைச் சட்டம். செய்யாமல் விட்டால் அது குற்றம். எதிராளியின் தட்டைத் தேடிக் கொடுப்பதைக் கடமையாக வைத்திருக்கிற விளையாட்டைப் பிள்ளைகளுக்குப் பழக்குவதில் எனக்கு உண்மையிலேயே சந்தோசம். எங்கள் பிள்ளைகள் எறி முடிந்தவுடன் குரல் கொடுப்பார்கள்: “கிணத்துக்கு இஞ்சால, ரெண்டாவது தென்னைக்கு நேர!” இப்படி இரண்டு அடையாளம் சொன்னால் பாதித் தேடல் முடிந்தது.

ஆனால் மூன்று நிமிடம் என்பது புள்ளிக்கணக்குக்குத்தான். நாலாவது நிமிடத்திலும், நாலு மாதத்துக்குப் பிறகும் அந்தத் தட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.

அவர் ஆரென்று தட்டுச் சொல்ல வேண்டும். போட்டிகளில் ஒவ்வொரு தட்டிலும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிற அடையாளம் இருப்பது கட்டாயம். வெளிநாடுகளில் பின்பக்கத்தில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதுவார்கள். சங்கத்தில் அங்கத்தவராக இருந்தால் அங்கத்துவ இலக்கமும் சேரும். 1976இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர் எட் ஹெட்ரிக், இன்றைக்கு நாம் பார்க்கும் சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அவருடைய அங்கத்துவ இலக்கம் 1. மையால் எழுதலாம், கையில் தடிப்புத் தெரிகிற மாதிரி எதையும் தட்டில் ஒட்டக்கூடாது, ஒட்டினால் பறக்கிற விதம் மாறும். அதனால் அழியாத மார்க்கர் பேனை ஒன்று தட்டுப் பைக்குள் எப்போதும் கிடக்க வேண்டும். சேறும் வெயிலும் பட்டால் எழுத்து மங்கும், தவணைக்கு ஒருமுறை திரும்ப எழுதுகிறோம்.

வன்னியில் இதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டமே இல்லை. மாட்டுக்குக் குறி சுடுகிற ஊர் இது. பட்டியில் இருந்து விலகிப் போன மாடு எந்தக் காட்டுக்கரையில் நின்றாலும், குறியைப் பார்த்தவர் இன்னாருடைய மாடு என்று சொல்லி அனுப்புவார். குறி இல்லாத மாட்டைப் பற்றித்தான் வழக்கு வரும். ஒரு மாணவன் தானாகவே கேட்டான்: “டீச்சர், அப்ப எங்கட தட்டுக்கும் குறி போடுவமே?” அன்று பின்னேரமே எல்லாத் தட்டுக்கும் போட்டோம்.

என்ன எழுதுவது என்பதிலும் யோசனை வேண்டும். அண்ணா தந்த தட்டுகளில் அவருடைய கனடா இலக்கம் இருந்தது. வட்டக்கச்சியில் ஒரு தட்டைக் கண்டெடுத்தவர் கனடாவுக்குக் கோல் எடுப்பாரா? அந்த எழுத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு, ஊரின் பெயரையும் பாடசாலையையும் உள்ளூர் போன் இலக்கம் ஒன்றையும் தமிழில் எழுதினோம். ஆங்கிலத்தில் பெயர் எழுத நான் விடவில்லை. கண்டெடுக்கிறவர் எழுபது வயது ஆச்சியாக இருக்கலாம், எட்டு வயதுப் பேரனாக இருக்கலாம். அவர்கள் வாசிக்க வேண்டும்.

இன்னொன்று, மிஸ்ட் கோல். எங்கள் பக்கத்தில் கண்டெடுத்தவர் தன் காசைச் செலவழித்துக் கதைப்பார் என்று எதிர்பார்ப்பது சரியில்லை. ஒருமுறை அடித்துவிட்டு வைப்பார். தெரியாத இலக்கத்தில் இருந்து மிஸ்ட் கோல் வந்தால் உடனே திருப்பி எடுக்க வேண்டும், இதைத் தட்டு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் கழித்து எடுத்தால் மற்றவர் வேண்டாவெறுப்பாகத்தான் பதில் சொல்வார், அது நியாயமும்கூட.

ரொறன்ரோவில் அண்ணா விளையாடுவது பெரும்பாலும் தீவில் உள்ள மைதானத்தில். படகில் போய்வர வேண்டும். 1987இல் உலகப் போட்டி நடந்த நகரம் அது, அதனால் பழைய ஆட்டக்காரர் நிறையப் பேர், பழக்கவழக்கமும் ஊறிப்போனது. தட்டை எடுத்தவர் இலக்கத்தைப் பார்த்து ஒரு குறுஞ்செய்தி போடுவார். எங்கே சந்திப்பது என்று பேசிக்கொள்வார்கள், இல்லையென்றால் முதல் கூடைக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் வைத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுவார். பதில் வராவிட்டால் கொஞ்ச நாள் பொறுத்திருந்து, ஆட்டக்காரர் கூடும் இடத்தில் கொடுத்துவிடுவார். பெயரே இல்லாத தட்டு என்றால் எடுத்தவருக்கே என்று பலரும் எண்ணுகிறார்கள். சன்மானம் கேட்பது வழக்கம் இல்லை. கொடுப்பது சொந்தக்காரர் விருப்பம்.

குளத்துக்குள் இறங்கித் தட்டு பொறுக்கி விற்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். இதில் இரண்டு பக்கமும் வாதம் உண்டு. தண்ணீருக்குள் மூழ்கி எடுப்பது உழைப்பு, ஆபத்தும்கூட, அதற்குக் கூலி வேண்டாமா என்பார்கள். கூலி கேட்கட்டும், நான் மறுக்கவில்லை. பெயரும் இலக்கமும் தெளிவாக இருக்கிற தட்டை, ஒரு வார்த்தை கேட்காமல், எழுத்தை அழித்து விற்பது வேறு கதை. அதைக் களவு என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

வெறும் பிளாஸ்டிக்கைப் பற்றி இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல தட்டு ஒன்று எங்கள் காசுக்கு நாலாயிரம் ஐயாயிரம் வரும், இங்கே ஒரு நாள் கூலிக்கு மேல். அதைவிட, ஒரே எறியில் கூடைக்குள் போட்டால் அந்தத் தட்டில் கூட நின்றவர்கள் எல்லாரும் கையெழுத்து வைத்துக் கொடுப்பது வழக்கம். அப்படி ஒரு தட்டு எங்கள் அலுவலக அலுமாரியில் இருக்கிறது, பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் எறி. ஹெட்ரிக் 2002இல் காலமானபோது அவருடைய சாம்பலைச் சேர்த்தே தட்டு வார்த்தார்கள், அது அவரே கேட்டுக்கொண்டது. ஒரு தட்டு ஒருவருக்கு என்னவாக இருக்கிறது என்பது எடுத்தவருக்குத் தெரிய வழியில்லை. அதனால் எதையும் அற்பம் என்று வைத்துக்கொள்ளாமல் ஒரு மிஸ்ட் கோல் போடுவது நல்லது.

இனி எங்கள் மண்ணின் விசயத்துக்கு வருகிறேன்.

வன்னியில் வளர்ந்த பிள்ளைக்கு, பற்றைக்குள் கிடக்கிற வட்டமான பிளாஸ்டிக் சாமான் என்றால் அது விளையாட்டுச் சாமான் இல்லை. போர்க்காலத்தில் இங்கே புதைத்த மிதிவெடிகளில் வட்டமானவை, பிளாஸ்டிக்கால் ஆனவை உண்டு. “தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவருக்குச் சொல்” என்று பாடசாலைகளில் படம் காட்டிப் படிப்பித்தோம். நானே படிப்பித்திருக்கிறேன். 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. முகமாலைப் பக்கம் வருடக்கணக்காகப் பெண்களும் ஆண்களும் முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டி மிதிவெடி எடுத்திருக்கிறார்கள். எங்கள் மைதானத்தைச் சுற்றி நெடுங்காலமாகச் சனம் புழங்குகிறது. என்றாலும் அந்தப் பயம் நிலத்தில் மட்டும் இருப்பதில்லையே.

ஒருநாள் பின்னேரம், கரும்பச்சை நிறத் தட்டு ஒன்று கிழக்குப் பக்க வளவுக்குள் போய் விழுந்தது. பிள்ளைகள் படலைக்குப் போக முன்னமே அந்த வீட்டுப் பெடியன் ஓடிவந்தான். “டீச்சர், ஆச்சி உங்களை வரட்டாம். ஒருத்தரையும் உள்ள விடவேண்டாமாம்.” போனேன். மாமரத்துக்குக் கீழே சருகுக்குள் தட்டு பாதி தெரிந்தும் தெரியாமலும் கிடந்தது, நிறம் சருகோடு சேர்ந்துபோயிருந்தது. ஆச்சி அதற்குப் பத்துப் பன்னிரண்டு அடி இங்கால் நின்று, ஈர்க்குமாறைக் குறுக்கே பிடித்துக் கோழிகளை அந்தப் பக்கம் போகவிடாமல் மறித்துக்கொண்டிருந்தார். பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தார். பார்வை தட்டை விட்டு எடுபடவில்லை.

“உது உங்கட சாமானே பிள்ளை?”

“ஓம் ஆச்சி. விளையாட்டுத் தட்டு.”

“வடிவாப் பாத்துச் சொல்லு.”

கிட்டப் போய், குனிந்து பார்த்து, எங்கள் எழுத்தை வாசித்துக் காட்டி, கையில் எடுத்து ஆச்சியிடம் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். விளிம்பைத் தடவினார். பிறகுதான் பேத்தியை இறக்கிவிட்டார். “இப்பிடி நிறத்தில ஏன் மேனை வைச்சிருக்கிறியள்” என்று மட்டும் கேட்டார்.

ஆச்சி செய்தது நூற்றுக்கு நூறு சரி. அவர் பயந்ததைச் சொல்லி ஒரு பிள்ளையும் சிரிக்கக் கூடாது என்று மைதானத்தில் நிற்க வைத்துச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவும் இல்லை, அவர்களும் அந்த வீடுகளில் இருந்து வருகிற பிள்ளைகள்தானே. அன்றோடு பச்சை, கறுப்பு, மண்ணிறத் தட்டுகள் எல்லாம் அலுமாரிக்குள் போய்விட்டன. இப்போது மைதானத்தில் ஒறேஞ், றோஸ், வெளிர் மஞ்சள் மட்டும்தான். மேல்பக்கத்தில் பெரிய எழுத்தில் “விளையாட்டுத் தட்டு” என்று எழுதியிருக்கிறது, கிட்டப் போகாமலே வாசிக்கலாம்.

சுற்றியுள்ள வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரு தட்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டினோம். தொட்டுப் பார்க்கக் கொடுத்தோம். அதோடு ஒன்று கேட்டுக்கொண்டோம்: இதே மாதிரி வேறு ஏதும் கண்டு சந்தேகம் வந்தால் எடுத்துத் தர வேண்டாம், எங்களைக் கூப்பிடுங்கள், தட்டு போனாலும் பரவாயில்லை. புதிய இடத்தில், முக்கியமாகக் காட்டுக்கரையில் கூடை நடுவதாக இருந்தால், அந்த நிலம் துப்புரவாக்கப்பட்டது என்று தெரிந்த பிறகுதான் முதல் தட்டை எடுக்க வேண்டும். சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருக்கிற இடத்துக்குக் கிட்டவும் எறியக்கூடாது. வெளிநாட்டில் இருந்து தட்டோடு விடுமுறைக்கு வரும் தம்பி தங்கைகளே, இது உங்களுக்கும்தான். உங்கள் தட்டைத் தேடி ஒரு ஊர்ப் பெடியனைப் பற்றைக்குள் அனுப்பாதீர்கள், நீங்களும் போகாதீர்கள்.

வளவுகளுக்குத் திரும்பினால், படலையில் நின்று கூப்பிடுவது என்பது ஊருக்கே தெரிந்த முறை. கதியால் வேலியில் பொட்டு இருந்தாலும் அதால் புகக் கூடாது. “அம்மா, தட்டொண்டு உள்ள வந்திட்டுது, எடுக்கட்டே?” என்று கேட்டு, ஓம் என்ற பிறகு ஒரு ஆள் மட்டும் போக வேண்டும். மத்தியானம் சனம் சரிகிற நேரத்தில் கூப்பிடுவதில்லை, பின்னேரம் போகலாம். செத்தவீடு நடக்கிற வளவுக்குள் விழுந்தால் எட்டாம் நாள் எட்டுச் செலவு முடியும்வரை அந்தப் பேச்சே எடுப்பதில்லை.

திருப்பிக் கேட்கக் கூடாத தட்டும் உண்டு. பெயர் எழுதத் தொடங்குவதற்கு முந்திப் போன ஒன்று, வாய்க்காலுக்கு அங்கால் ஒரு வீட்டில் மல்லாத்தி வைத்தபடி, கோழிக்குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கிற பாத்திரமாக இருக்கிறது. விளிம்பு ஆழமாக இருப்பதால் தண்ணீர் சிந்தாது, பாரமாக இருப்பதால் குஞ்சு மிதித்துப் புரளாது. பிள்ளைகளில் ஒருத்தன் கண்டுவிட்டு “டீச்சர் அது எங்கடை” என்று முணுமுணுத்தான். நான் வேண்டாம் என்றேன். குறி போடாமல் விட்டது எங்கள் பக்கம், அவர்கள் மறைத்து வைக்கவும் இல்லை. சின்னப் பிள்ளையின் கையில் இருக்கிற தட்டைப் பிடுங்குவதும் இதே வகைதான். பிள்ளை அழத் தட்டு திரும்பினால் அந்தப் படலை நமக்கு இனித் திறக்காது.

வயல் விசயம் கண்டிப்பானது. காலபோகத்தில் பயிர் நிற்கும்போது தட்டு விழுந்தால் இறங்குவது கிடையாது. ஒரு தட்டுக்காக நாலைந்து பேர் உழக்கினால் அந்த இடத்து நெல் போனதுதான். விழுந்த இடத்துக்கு நேரே வரம்பில் ஒரு தடியை நட்டுவிட்டு, வயற்காரரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விடுவதுதான் பெரிய பிழை. அறுவடைக்கு வெட்டு மெசின் இறங்கும்போது தட்டு உள்ளே போனால் நெல்லோடு பிளாஸ்டிக் துண்டும் சேரும், மெசின்காரருக்கும் தலையிடி. சொல்லி வைத்தால் அவர்களே பார்த்து எடுத்து வரம்பில் வைத்துவிடுவார்கள்.

வாய்க்கால் கதையைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஓடுகிற காலத்தில் ஒறேஞ் தட்டு ஒன்று வாய்க்காலுக்குள் போய்விட்டது. இந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை மிதக்காது. இழுவையில் எங்கே உருண்டது என்று தெரியாது, நாங்கள் கைவிட்டுவிட்டோம். தண்ணீர் நிறுத்தி, மாரிக்கு முந்தி வாய்க்கால் துப்புரவு செய்கிற நேரம், வெகுதூரம் கீழே மண்வெட்டியில் ஏதோ பட்டிருக்கிறது. எடுத்த ஐயா கழுவிப் பார்த்திருக்கிறார். போன் இலக்கம் போய்விட்டது. “வட்டக்க” என்ற அளவும், பாடசாலைப் பெயரின் கடைசி இரண்டு எழுத்தும்தான் மிச்சம். அதை வைத்துக்கொண்டு தேத்தண்ணிக் கடையில் கேட்டிருக்கிறார், கடைக்காரர் “உது டீச்சரின்ர பெடியள் எறியிறதெல்லோ” என்று சொல்லியிருக்கிறார். மண்வெட்டி பட்டு விளிம்பில் ஒரு வெட்டு, பாசி படிந்து பாதி பச்சை. ஐயா அதைச் சரத்தின் நுனியால் துடைத்துத் துடைத்துத்தான் தந்தார்.

காசு நீட்டினால் அவர் மனம் நோகும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் தேத்தண்ணியும் வடையும் வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு கூடைக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், அந்தத் தட்டையே கையில் கொடுத்து எறியச் சொன்னார்கள். முதல் எறி வேலிக்குப் போனது. இரண்டாவது சங்கிலியில் பட்டுக் கீழே விழுந்தது. எப்படிப் பிடிப்பது என்று ஏழாம் வகுப்புப் பெடியன் ஒருத்தன் அவருக்குக் காட்டிக்கொடுத்தான். கண்டெடுத்துத் தருகிற எவரும் விரும்பினால் ஒருமுறை எறிந்துவிட்டுப் போகலாம் என்பது இப்போது எங்கள் மைதானத்தின் வழக்கமாகிவிட்டது. சன்மானத்தைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. அப்படி எறிந்தவர்கள் அடுத்தமுறை தங்கள் வளவுக்குள் தட்டு விழுந்தால் தாங்களே வேலிக்கு மேலால் திருப்பி எறிகிறார்கள், அதுவும் ஓரளவுக்கு நேராக.

இப்போது இரண்டு தட்டு வெளியே நிற்கின்றன. ஒன்று றோஸ், வயல் பக்கம், வயற்காரருக்குச் சொல்லியாயிற்று. மற்றது வெளிர் மஞ்சள், வாய்க்காலோடு போனது. எங்கள் பக்கத்து இராமநாதபுரத்தில் வாய்க்கால்கரையில் ஆரேனும் கண்டால் பின்பக்கத்து இலக்கத்துக்கு ஒரு மிஸ்ட் கோல் தாருங்கள். எழுத்து அழிந்திருந்தால் வட்டக்கச்சிச் சந்தியில் எந்தத் தேத்தண்ணிக் கடையில் கொடுத்தாலும் எங்களிடம் வந்துசேரும்.